73-க்கு 73: 1801-இல் அமெரிக்க அதிபர் தேர்வு ஏன் முட்டுக்கட்டையில் நின்றது?

1800-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் ஒரே கட்சியின் சார்பில் நின்றார்கள். ஜெஃபர்சன் அதிபராக வேண்டும், பர் துணை அதிபராக வேண்டும் என்பது அந்தக் கட்சிக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருக்க இருவரும் சமமான வாக்குகளைப் பெற்றது எப்படி, பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுக்க நேர்ந்தது ஏன், அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இவ்வளவு எளிய சிக்கலையா முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை என்பது கேள்வி. அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள் என்பதே என் பதில். ஆனால் கட்சிகள் இல்லாத ஒரு நாட்டை மனத்தில் வைத்து எண்ணினார்கள். எழுதிய மை உலர்ந்து பத்தாண்டு ஆவதற்குள் கட்சிகள் வந்துவிட்டன, விதி மட்டும் பழையபடியே இருந்தது.

முதலில் அந்த விதியைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மாநிலமும் பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் தனக்கு எத்தனை இடங்கள் உண்டோ அத்தனை தேர்வாளர்களை நியமிக்கும். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பெயர்களுக்கு வாக்களிப்பார். அவற்றில் ஒன்றாவது வேறு மாநிலத்தவருடையதாக இருக்க வேண்டும். இது அதிபருக்கு, இது துணை அதிபருக்கு என்று பிரித்து எழுத வழியில்லை. தேர்வாளர்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடு முதலிடம் பெறுபவர் அதிபர், அடுத்த இடத்தில் வருபவர் துணை அதிபர். இருவர் அத்தகைய பெரும்பான்மையோடு சமமாக நின்றால் பிரதிநிதிகள் சபை ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்; அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு வீதம் எண்ணப்படும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொருவரும் தம் ஊர்க்காரருக்கே வாக்களிப்பார்கள் என்ற அச்சத்தால்தான் இரண்டு பெயர்கள் கேட்கப்பட்டன. சொந்த மாநிலத்தவருக்கு ஒன்று போனாலும், மற்றொன்று நாடறிந்த தகுதியாளர் ஒருவரிடம் போய்ச் சேரும் என்று நம்பினார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தவரை இது குறையின்றி நடந்தது. 1789-இல் வாக்களித்த 69 தேர்வாளர்களும் அவர் பெயரை எழுதினார்கள். ஜான் ஆடம்ஸ் 34 வாக்குகளோடு துணை அதிபரானார். விரிசல் 1796-இல் கண்ணுக்குத் தெரிந்தது. வலுவான மத்திய அரசை விரும்பிய ஃபெடரலிஸ்ட் கட்சி ஆடம்ஸை அதிபராகவும் தென் கரோலினாவின் தாமஸ் பிங்க்னியைத் துணை அதிபராகவும் கொண்டுவர விரும்பியது. பிங்க்னி ஆடம்ஸை முந்திவிடக் கூடாது என்று நியூ இங்கிலாந்துத் தேர்வாளர்கள் பலர் தங்கள் இரண்டாம் வாக்கை வேறு பெயர்களுக்குச் சிதறவிட்டார்கள். விளைவாக ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68, பிங்க்னி 59 என்று முடிந்தது. அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் எதிர்க்கட்சி. அடுத்த நான்கு ஆண்டுகள் ஜெஃபர்சன் செனட்டுக்குத் தலைமை தாங்கிக்கொண்டே அரசுக்கு எதிரான அணியையும் நடத்தினார்.

அந்த நான்கு ஆண்டுகளின் வெப்பத்தை உணராமல் 1801-ஐப் புரிந்துகொள்ள முடியாது. பிரான்சோடு அறிவிக்கப்படாத கடற்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1798-இல் ஃபெடரலிஸ்ட் பெரும்பான்மை நிறைவேற்றிய சட்டங்களுள் ஒன்று, அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ அவதூறாக எழுதுவதைக் குற்றமாக்கியது. அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் துணை அதிபர் இல்லை என்பதையும், சட்டம் 1801 மார்ச் 3-ஆம் நாள், அதாவது அந்த ஆட்சியின் கடைசி நாளில், தானாகவே காலாவதியாகும்படி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது யாருக்காக இயற்றப்பட்டது என்பது விளங்கும். வெர்மான்ட் மாநிலப் பிரதிநிதி மேத்யூ லயன் அதிபர் ஆடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். அவர் சிறைக்குள் இருந்தபோதே அவருடைய தொகுதி மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் திரும்ப வருவார்.

1800-இல் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் தேர்வாளர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களே நியமித்தன. ஆகவே எந்தச் சட்டமன்றம் எந்தக் கட்சியின் கையில் என்பதே அதிபர் தேர்தலாக இருந்தது. நியூயார்க்கின் 12 வாக்குகள் தராசை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடியவை. பர் அந்த நகரத்தில் வார்டு வார்டாக ஆட்களைத் திரட்டி, நாடறிந்த பெரியவர்களை வேட்பாளர்களாக நிற்க வைத்து, நகரத்தின் 13 சட்டமன்ற இடங்களையும் குடியரசுக் கட்சிக்கு வென்று கொடுத்தார். இந்தக் குடியரசுக் கட்சி ஜெஃபர்சன் அணியினுடையது. இன்று அதே பெயரில் இருக்கும் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தோல்வி தெரிந்ததும் ஃபெடரலிஸ்ட் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன், நியூயார்க் ஆளுநர் ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதினார். பதவிக்காலம் முடியாத பழைய சட்டமன்றத்தை உடனே கூட்டி, தேர்வாளர்களை மாவட்ட வாரியாக மக்களே தேர்ந்தெடுக்கும்படி விதியை மாற்றிவிட்டால் சில வாக்குகளையாவது காப்பாற்றலாம், இப்படிப்பட்ட காலத்தில் அளவுக்கு மீறி நெறி பார்ப்பது ஆகாது என்பது அவர் வாதம். ஜேயும் அதே கட்சிக்காரர். ஆனால் அவர் அந்தக் கடிதத்தின் மீது, கட்சி நோக்கத்துக்காக முன்வைக்கப்படும் இந்த நடவடிக்கையை மேற்கொள்வது தமக்குப் பொருந்தாது என்று குறித்து அப்படியே வைத்துவிட்டார். ஒரு வரிக் குறிப்புதான். பதில்கூட அனுப்பியதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். சட்டம் தடுக்காத ஒன்றை, தம் கட்சிக்கு ஆதாயமான ஒன்றை, செய்யாமல் விட்டவர் அவர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஜெஃபர்சன் அணியின் வெற்றியை மக்களின் வெற்றி என்று அக்காலத்தவர் பாடினார்கள். ஆனால் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பகிர்வதற்காக அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரை மக்கள்தொகையில் சேர்த்து எண்ணும்படி அரசமைப்பு சொல்லியிருந்தது. தேர்வாளர் எண்ணிக்கையும் அதையே பின்பற்றியது. 1790 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் சுதந்திர மனிதர்கள் சுமார் 4,55,000 பேர், பென்சில்வேனியாவில் சுமார் 4,30,000 பேர், ஏறக்குறைய சமம். ஆனால் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15 பேர். அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, வாக்குரிமையே இல்லாத 2,92,000-க்கும் மேற்பட்ட அடிமைகளின் தலைகளை எண்ணியதால் வந்தது. எட்டு வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலில் இதை ஓரக் குறிப்பாக ஒதுக்க என்னால் முடியவில்லை. அடிமைகளை எண்ணாமல் விட்டிருந்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இனி சமநிலைக்கு வருவோம். 1796-இல் வர்ஜீனியாவின் 21 தேர்வாளர்களில் ஒரே ஒருவர்தான் பர்ருக்கு வாக்களித்திருந்தார். அந்த அவமதிப்பை அவர் மறக்கவில்லை. எனவே 1800-இல் இரு பெயர்களுக்கும் ஒன்றுபோல் வாக்களிப்போம் என்ற உறுதி அவருக்குத் தரப்பட்டது. யாராவது ஓரிருவர் ஒரு வாக்கைக் குறைத்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொரு மாநிலத்தவரும் அடுத்த மாநிலத்தவரை நம்பினார்கள். தந்தி இல்லாத காலத்தில், எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் நடக்கும் வாக்களிப்பில், யார் குறைத்தார்கள் என்று சரிபார்க்கவும் வழியில்லை. யாரும் குறைக்கவில்லை. ஃபெடரலிஸ்டுகள் இதில் கவனமாக இருந்தார்கள்: ரோட் ஐலண்டுத் தேர்வாளர் ஒருவர், இம்முறை துணை அதிபருக்கு நின்ற சார்லஸ் காட்ஸ்வர்த் பிங்க்னிக்குப் (1796-இல் நின்ற தாமஸின் அண்ணன்) பதில் ஜான் ஜேயின் பெயரை எழுதினார். ஆகவே அவர்கள் கணக்கு ஆடம்ஸ் 65, பிங்க்னி 64 என்று ஒழுங்காக நின்றது. வென்ற பக்கத்தில் ஜெஃபர்சன் 73, பர் 73. கட்சிகள் வளராமல் இருந்தபோது வாக்குகள் தாமாகவே சிதறின, சமநிலை அரிதாகத்தான் நேர்ந்திருக்கும். கட்டுக்கோப்பான கட்சி வந்ததும், அதன் கட்டுப்பாடு முழுமையாக வேலை செய்தாலே சமநிலைதான் முடிவு. அந்த விதியின் குறை இதுவே.

வாக்குகள் 1801 பிப்ரவரி 11-ஆம் நாள், புதிய தலைநகரான வாஷிங்டனில் எண்ணப்பட்டன. கேபிடல் கட்டடத்தின் ஒரு பக்கச் சிறகு மட்டுமே கட்டி முடிந்திருந்தது. செனட்டின் தலைவர் என்ற முறையில் மாநிலங்களின் உறைகளைப் பிரித்தவர் துணை அதிபர் ஜெஃபர்சனே. ஜார்ஜியாவிலிருந்து வந்த சான்று சட்டம் கேட்ட வடிவில் இல்லை. இருந்தும் அதன் நான்கு தேர்வாளர்களின் வாக்குகளும் அவருக்கும் பர்ருக்கும் சேர்த்தே எண்ணப்பட்டன. அவையினர் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவை தள்ளப்பட்டிருந்தால் இருவரும் பெரும்பான்மைக்குத் தேவையான 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது முதல் ஐந்து பேரிலிருந்து, அதாவது ஆடம்ஸையும் பிங்க்னியையும் சேர்த்து, தேர்ந்தெடுக்கும் உரிமை ஃபெடரலிஸ்டுகள் மிகுந்திருந்த அவைக்குக் கிடைத்திருக்கும். ஜார்ஜியா உண்மையிலேயே ஜெஃபர்சன் பக்கம்தான் இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் வேட்பாளரே எண்ணிக்கைக்கு நடுவராக அமரும் ஏற்பாடு எவ்வளவு அபாயமானது என்பதை அந்த ஒரு தாள் காட்டுகிறது.

சமநிலை அறிவிக்கப்பட்டதும் பிரதிநிதிகள் சபை உடனே வாக்கெடுப்பைத் தொடங்கியது. முடிவெடுக்க வேண்டியவர்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பதவிக்காலம் முடியவிருந்த பழைய சபையினர். தலைகளை எண்ணினால் ஃபெடரலிஸ்டுகளே அதிகம். ஆனால் மாநிலங்களாக எண்ணினால் ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6. மேரிலாந்தும் வெர்மான்டும் தமக்குள் சரிபாதியாகப் பிரிந்து வாக்கை இழந்தன. 16 மாநிலங்களில் 9 தேவை. ஒரே ஒரு மாநிலம் குறைந்தது.

மேரிலாந்தின் எட்டுப் பேர் நாலுக்கு நாலாக நின்றார்கள். ஜெஃபர்சன் பக்கத்து நால்வரில் ஒருவரான ஜோசப் நிக்கல்சன் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் வராவிட்டால் மேரிலாந்து பர்ருக்குப் போய்விடும். பனி கொட்டிய அந்த நாளில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து, அவைக்கு அடுத்த அறையில் ஒரு படுக்கையில் கிடத்தினார்கள். மனைவி அருகிலிருந்து கவனித்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் வாக்குப்பெட்டி அவர் படுக்கைக்கே வந்தது. விடிய விடிய நடந்தும் ஒரு மாநிலம்கூட அசையவில்லை. அடுத்தடுத்த நாள்களிலும் அதே கதைதான். 35 சுற்றுகள் வரை ஜெஃபர்சனுக்கு எட்டு, பர்ருக்கு ஆறு என்றே இருந்தது.

ஃபெடரலிஸ்டுகள் ஏன் பர்ரை ஆதரித்தார்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். அவர்களுக்கு ஜெஃபர்சன் மீது உண்மையான அச்சம் இருந்தது: தேசியக் கடனைக் கைவிடுவார், கடற்படையைக் கலைப்பார், பிரெஞ்சுப் புரட்சியின் பாதையில் நாட்டைக் கொண்டுபோவார் என்று நம்பினார்கள். பர்ருக்குக் கொள்கைப் பற்று குறைவு, ஆகவே பேரம் பேசலாம் என்று எண்ணினார்கள். இதை மூர்க்கமாக எதிர்த்தவர் ஹாமில்டன். சில மாதங்களுக்கு முன் ஜேயிடம் விதியை மாற்றக் கேட்ட அதே மனிதர், இப்போது கடிதத்துக்கு மேல் கடிதமாகத் தம் கட்சியினருக்கு எழுதினார். உலகில் நான் வெறுக்க வேண்டியவர் ஒருவர் உண்டென்றால் அது ஜெஃபர்சன்தான், பர்ரோடு எனக்கு நல்லுறவே உண்டு, ஆனால் சொந்த விருப்பு வெறுப்புகளை விடப் பொது நன்மை பெரியது என்பது அவர் எழுதியதன் சாரம். அவர் சொல்லை அப்போது பலர் கேட்கவில்லை. ஆடம்ஸைத் தாக்கி அவரே முந்தைய இலையுதிர் காலத்தில் எழுதிய நீண்ட கடிதம் வெளியாகிக் கட்சியைப் பிளந்திருந்ததால் அவர் செல்வாக்கு சரிந்திருந்தது.

பர் என்ன செய்தார்? சமநிலை உறுதியாகுமுன் தாம் போட்டியாளர் இல்லை என்று மேரிலாந்தின் சாமுவேல் ஸ்மித்துக்கு எழுதியிருந்தார். உறுதியான பின், தேர்ந்தெடுத்தாலும் ஏற்க மாட்டேன் என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. ஃபெடரலிஸ்டுகளோடு அவர் பேரம் பேசியதற்கு உறுதியான சான்று கிடையாது. பேசியிருந்தால் வென்றிருக்கவும் கூடும். அந்த மௌனம் அவருக்கு அதிபர் பதவியையும் பெற்றுத் தரவில்லை, சொந்தக் கட்சியின் நம்பிக்கையையும் மிச்சம் வைக்கவில்லை.

வெளியே நிலைமை நல்லதாக இல்லை. மார்ச் 4 வரை யாரும் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் செனட்டின் இடைக்காலத் தலைவரிடமோ வேறு ஓர் அதிகாரியிடமோ ஆட்சியை ஒப்படைக்கச் சட்டம் இயற்றலாம் என்ற யோசனை ஃபெடரலிஸ்டுகளிடையே உலவியது. வர்ஜீனியா ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவும் பென்சில்வேனியா ஆளுநர் தாமஸ் மெக்கீனும் அதை ஏற்கப்போவதில்லை. குடிப்படையைத் திரட்டும் பேச்சு இரு மாநிலங்களிலும் எழுந்தது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அன்றே மத்திய மாநிலங்கள் ஆயுதம் ஏந்தும் என்று எதிர்த்தரப்புக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டதாக ஜெஃபர்சன் மன்றோவுக்கு எழுதினார்.

முடிச்சை அவிழ்த்தவர் டெலவேர் மாநிலத்தின் ஒரே பிரதிநிதியான ஜேம்ஸ் பேயர்ட். வர்ஜீனியாவின் 19 பிரதிநிதிகளுக்கும் சேர்த்து ஒரு வாக்கு; பேயர்ட் ஒருவருக்கே ஒரு வாக்கு. அவரும் ஃபெடரலிஸ்டே, பர்ருக்கே வாக்களித்து வந்தவர். சிறிய மாநிலமான டெலவேர், கூட்டமைப்பு உடைந்தால் பிழைக்காது என்பது அவருக்குத் தெரியும். தாம் விலகப்போவதாகத் தம் கட்சிக் கூட்டத்தில் அறிவித்தபோது கூச்சல் எழுந்தது. அவர் மனம் மாறவில்லை. இதற்கு முன் சாமுவேல் ஸ்மித் வழியாக, கடற்படையும் கடன் ஏற்பாடும் காக்கப்படும், கீழ்நிலை அதிகாரிகள் கட்சிக்காக நீக்கப்பட மாட்டார்கள் என்ற உறுதி தமக்குக் கிடைத்ததாகப் பேயர்ட் பிற்காலத்தில் சொன்னார். தாம் எந்த உறுதியும் தரவில்லை என்று ஜெஃபர்சன் கடைசிவரை மறுத்தார். ஸ்மித் தம் பொறுப்பில் சற்று அதிகமாகப் பேசியிருக்கலாம் என்பதே என் ஊகம்; இரு பக்கமும் பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டிய அவசியமில்லை.

பிப்ரவரி 17, 36-ஆம் சுற்று. பேயர்ட் வெற்றுச் சீட்டைப் போட்டார். மேரிலாந்தின் ஃபெடரலிஸ்டுகளும் தென் கரோலினாவினரும் வெற்றுச் சீட்டையே போட்டார்கள். வெர்மான்டின் லூயிஸ் மாரிஸ் வாக்களிக்காமல் விலகிக்கொண்டார். எஞ்சிய ஒருவர் வெர்மான்டை ஜெஃபர்சனுக்குக் கொடுத்தார். அந்த ஒருவர், ஆடம்ஸை விமர்சித்ததற்காகச் சிறை சென்ற மேத்யூ லயன். முடிவு ஜெஃபர்சனுக்கு 10, பர்ருக்கு 4, இரண்டு மாநிலங்கள் வெற்றாக. கூர்ந்து பாருங்கள்: மனம் மாறி ஜெஃபர்சனுக்கு வாக்களித்த ஃபெடரலிஸ்ட் ஒருவர்கூட இல்லை. வாக்களிக்காமல் இருந்தே வழிவிட்டார்கள்.

இதனால் அந்தக் கட்சி தோல்வியை அமைதியாக விழுங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முட்டுக்கட்டை நீடித்துக்கொண்டிருந்த பிப்ரவரி 13 அன்றே 16 புதிய கூட்டாட்சி நீதிபதிப் பதவிகளை உருவாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆடம்ஸ் கடைசி நாள்கள் வரை தம் கட்சியினரால் அவற்றை நிரப்பினார். அந்த அவசரத்தில் ஒப்படைக்கப்படாமல் போன ஒரு சிறிய பதவியின் நியமன ஆணைக்காக வில்லியம் மார்பரி தொடுத்த வழக்கில்தான், 1803-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பெழுதினார். மார்ச் 4 விடியுமுன் ஆடம்ஸ் கோச்சு வண்டியேறி ஊருக்குப் புறப்பட்டார், பதவியேற்புக்கு நிற்கவில்லை. ஜெஃபர்சன் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து நடந்தே கேபிடலுக்குச் சென்று, மார்ஷல் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார். பெரும்பான்மையின் விருப்பமே மேலோங்கும் என்றாலும் சிறுபான்மைக்கும் சம உரிமைகள் உண்டு, அவற்றைச் சம சட்டங்கள் காக்க வேண்டும் என்று தம் உரையில் சொன்னார்.

விதியை மாற்றும் 12-ஆம் திருத்தம் 1803 டிசம்பரில் நாடாளுமன்றத்தைக் கடந்து, 1804 ஜூனில் போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது. அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி வாக்கு. யாருக்கும் பெரும்பான்மை இல்லையெனில் சபை முதல் ஐந்துக்குப் பதில் முதல் மூன்று பேரிலிருந்து தேர்ந்தெடுக்கும். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே விடப்பட்டது. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளோடு முன்னிலையில் இருந்தும், 84 பெற்ற ஜான் குவின்சி ஆடம்ஸை அதே வழியில் சபை அதிபராக்கியது. ஃபெடரலிஸ்டுகள் திருத்தத்தை எதிர்த்தார்கள். இரண்டாம் இடம் பெறும் எதிர்க்கட்சித் தலைவருக்கு இருந்த ஒரே வாய்ப்பும் போகும், துணை அதிபர் பதவி இனி வெறும் வாக்குச் சேகரிக்கும் பேரப் பொருளாகும் என்பது அவர்கள் வாதம். இரண்டுமே பிற்காலத்தில் பெரும்பாலும் மெய்யாயின. ஆனாலும் திருத்தம் தேவைப்பட்டது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

புதிய முறையில் நடந்த முதல் தேர்தலின் வாக்குகள் 1805 பிப்ரவரியில் எண்ணப்பட்டன. ஜெஃபர்சனுக்கு 162, பிங்க்னிக்கு 14. துணை அதிபர் பதவிக்கு ஜார்ஜ் கிளின்டனுக்கும் 162. முந்தைய ஜூலையில் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றதற்காக நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த ஆரன் பர்தான், பதவியிலிருந்த துணை அதிபர் என்ற முறையில், அந்த உறைகளைப் பிரிக்கும் அவைக்குத் தலைமை தாங்கினார். அவற்றில் எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை.